கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே

அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்த ஆறு வாரமும் வீட்டுக்கு வந்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பஸ்ல விழுந்துட்டாங்களாமே?" முதல் இரண்டு வாரம் நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அப்புறம் அந்த ஆமாம் உறுத்தத் தொடங்கியது. அம்மா பஸ்ஸுக்குள் விழவில்லை. ரோட்டில் நடந்து போகும்போதும் விழவில்லை. ஒரு கால் கடைசிப் படியில், இன்னொரு கால் தரையில் என்றிருந்த நேரத்தில் விழுந்தாள். அதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. பெரியம்மா மட்டும் கேள்வி எதுவும் கேட்காமல், "பேசாம புத்தூர் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டுட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

நடந்தது சென்னையில் தினமும் நடக்கிற விஷயம். எந்தத் தடம், எந்த நிறுத்தம் என்று எழுதப் போவதில்லை. அந்த ஓட்டுநர் மேல் எனக்குப் பெரிய புகாரும் இல்லை. நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு மூன்று ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. அதனால் பஸ் நடைபாதையை ஒட்டி வர முடியாமல் ஏழெட்டு அடி தள்ளி நடுரோட்டிலேயே நின்றது. அம்மாவுக்கு 67 வயது. இடது கையில் ஒயர் கூடை, அதற்குள் இரண்டு கட்டு முளைக்கீரையும் அரைக் கிலோ சேப்பங்கிழங்கும். வலது கையால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் போகிற திசையைப் பார்த்தபடி இடது காலைத் தரையில் வைத்தாள். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவிலிருந்த சந்தில் பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. அதன் ஹேண்டில்பார் கூடையின் கைப்பிடியில் மாட்டியது. கூடை முன்னால் போயிற்று, கூடவே அம்மாவும். வேகம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் விழும்போது யாரும் செய்வதுபோல உள்ளங்கையை ஊன்றினாள். ஊன்றிய கை முறிந்தது.

அன்று சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. வண்டி நம்பர் பார்த்தியா, என்ன வண்டி, என்ன கலர் என்று அம்மாவை நச்சரித்தேன். எதையும் அவள் கவனிக்கவில்லை. "நிறுத்தினானா இல்லையா?" என்றேன். "நிறுத்தினான்டா. பாத்து எறங்கக் கூடாதாம்மான்னு கேட்டுட்டுப் போயிட்டான். தூக்கி விட்டதெல்லாம் பூ விக்கிற பொம்பளதான்." ஆள் எப்படி இருந்தான் என்று கடைசியாகக் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "உன்ன மாதிரிதான் இருந்தான். சட்டைய டக் பண்ணி, கழுத்துல ஐடி கார்டு போட்டுக்கிட்டு."

அவள் குத்திக்காட்டவில்லை. வலியோடு இருப்பவள், அடையாளம் சொல்ல எது கைக்கு அகப்பட்டதோ அதைச் சொன்னாள். என் கழுத்தில் அப்போதும் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸிலிருந்து ஓடி வந்திருந்தேன். அதற்கு அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை.

இடது பக்கச் சந்து

2004இலிருந்து பைக் ஓட்டுகிறேன். சிக்னல் தாண்டியதில்லை, குடித்துவிட்டு ஓட்டியதில்லை, ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைப் பால்கடைக்குக்கூடப் போவதில்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்னை ஒழுங்கானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முன்னால் போகிற பஸ் நின்றால் என் கை தானாகவே வண்டியை இடது பக்கம் ஒடிக்கும். வலது பக்கம் போனால் வேகமாக வருகிற கார்களோடு மல்லுக்கட்ட வேண்டும். பஸ் எந்த நொடியில் கிளம்பி நம் மேல் சாயும் என்றும் தெரியாது. இடது பக்கம் அப்படியில்லை. பஸ் நடைபாதையை ஒட்டி நிற்காதவரை அங்கே எப்போதும் ஒரு சந்து உண்டு. ஒரு ஹாரன், கொஞ்சம் கிளட்ச், வெளியே வந்துவிடலாம். மிச்சமாகிற நேரம் அரை நிமிடம்கூட இருக்காது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம். இதேபோல நின்ற பஸ்ஸின் இடது பக்கமாக நுழைகிறேன். முன்வாசலில் ஒரு பெண், கையில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறு பையன். என் ஹாரனைக் கேட்டுப் பையனின் சட்டைக் காலரைப் பிடித்துப் படிமேல் இழுத்துக்கொண்டாள். நான் கடந்து போனேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். திட்டவில்லை. மழைக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினாள். நான் போனதும் இறங்கியிருப்பாள். இத்தனை நாள் அந்த முகம் எனக்குள் எங்கே கிடந்ததோ, அம்மா ஐடி கார்டு என்று சொன்னதும் எழுந்து வந்துவிட்டது.

இடப்புறமாக முந்தக் கூடாது என்பது லைசென்ஸ் எடுக்கும்போதே படிக்கிற பாடம். முன்னால் போகிற வண்டி வலது பக்கம் திரும்புவதற்காக நடுரோட்டுக்கு வந்துவிடுவது மாதிரி சில நேரங்களில்தான் விதிவிலக்கு. எனக்கு அது நன்றாகத் தெரியும். நின்றுவிட்ட பஸ்ஸை முந்துவதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை, அவ்வளவுதான். நிற்கிற பஸ் என் மனத்தில் ஒரு சுவர் மாதிரி. சுவரைத் தாண்டிப் போகிறேன். சுவரில் வாசல் இருக்கும், அந்த வாசலிலிருந்து ஆள் இறங்குவார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

அப்பா சொல்லிக்கொடுத்தது

அம்மா இறங்கிய விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அப்பா கற்றுக்கொடுத்தது. கல்யாணமாகி ஊரிலிருந்து சென்னைக்கு வந்த புதிதில், பல்லவன் பஸ் காலத்தில், "எப்பவும் பஸ் போற பக்கம் பாத்து எறங்கு, உள்பக்கக் கையால கம்பியப் பிடி, வெளிப்பக்கக் காலை முதல்ல வை" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கும் அதையேதான் சொன்னார். அது அந்தக் காலத்துக்குச் சரியான பாடம். பஸ் முழுதாக நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வேகம் குறையும், இறங்க வேண்டும். நம் உடம்பும் பஸ்ஸின் வேகத்தில்தான் இருக்கிறது என்பதால், பின்பக்கம் பார்த்து இறங்கினால் மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபடும். முன்பக்கம் பார்த்து இறங்கினால் நான்கு எட்டு ஓடிச் சமாளித்துக்கொள்ளலாம். காலேஜ் படிக்கும்போது ரன்னிங்கில் இறங்குவது எங்களுக்கு ஒரு கெத்து. அந்தக் கெத்துக்குப் பின்னால் இருந்ததும் அப்பாவின் இந்த விதிதான்.

அம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த விதியை மீறவே இல்லை. அன்றைக்கும் பஸ் முழுதாக நின்ற பிறகும்கூடப் பஸ் போகிற பக்கம் பார்த்தே இறங்கினாள். அதாவது பின்னால் வந்த பைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்பாவின் காலத்தில் ஆபத்து பஸ்ஸின் ஓட்டத்தில் இருந்தது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைய அப்போது இத்தனை வண்டிகள் இல்லை. இப்போது பஸ் நின்றிருக்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது. பழைய விதி இன்னும் தப்பாகிவிடவில்லை என்பதுதான் சிக்கல். அவசரமாகக் கிளம்புகிற பஸ்ஸில் அது இன்றைக்கும் உயிரைக் காப்பாற்றும். ஒரே நேரத்தில் முன்னாலும் பின்னாலும் பார்த்து இறங்க மனுஷனுக்குக் கழுத்து போதாது.

கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபிக்கு இரண்டு வாரம் அம்மாவோடு பஸ்ஸிலேயே போனேன். ஆட்டோவில் போகலாம் என்றால் கேட்கவில்லை. "பயந்துட்டேன்னு நெனச்சுப்பாங்க" என்றாள். யார் நினைத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. டீலக்ஸ் பஸ் வந்தாலும் ஏற மாட்டாள். காசில்லாமல் போகிற பிங்க் பஸ்ஸுக்காக நின்று, அது வந்ததும் எங்கே விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று பாய்ந்து ஏறுவாள். பல வருஷம் கழித்துத் தொடர்ந்து பஸ்ஸில் போகிற எனக்கு எல்லாம் புதிதாக இருந்தது. நான் பார்த்ததெல்லாம் வாசலைத்தான்.

சென்னையில் கண்டக்டருக்குப் பின்வாசலை ஒட்டி ஒரு சீட் உண்டு. டிக்கெட்டும் காசும் கைமாறிக் கைமாறித்தான் வரும். மதுரைப் பக்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வாசலில் நின்று, கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிற வண்டியை மறித்து, "பாட்டிய எறங்க விடுப்பா" என்று குரல் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பின்வாசலுக்குக் கண்டக்டரின் விசில் இருக்கிறது. முன்வாசல் ஓட்டுநரின் பொறுப்பு. அவர் உட்கார்ந்திருப்பது வலது ஓரம், வாசல் இருப்பது இடது ஓரம். நடுவில் பத்துப் பேர் நிற்கிறார்கள். இடது பக்கக் கண்ணாடியில் அவர் பார்ப்பதற்குள் பின்வாசலிலிருந்து இரண்டு விசில் கேட்டுவிடுகிறது. ஒருநாள் அம்மா இறங்கிக்கொண்டிருக்கும்போதே அப்படிக் கேட்டது. நான்கைந்து பேர் சேர்ந்து "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினார்கள். பஸ் நின்றது. அந்தச் சொல்லை முதலில் யார் இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்களோ, புண்ணியவான்கள்.

நல்ல பழைய கண்டக்டர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். ஏன் சார் ஓரமா நிறுத்த மாட்டேங்கறீங்க என்று கேட்டதற்குச் சிரித்தார். "ஓரமா போனா திரும்ப யார் சார் வெளிய விடுவா? ஒரு ஆள் நிப்பானா? அஞ்சு நிமிஷம் இண்டிகேட்டர் போட்டுட்டு நிக்கணும். உள்ள இருக்கிறவங்க வேற கத்துவாங்க." மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்து ரோட்டையே பாதியாக்கி, நிறுத்தத்தை அங்கே இங்கே மாற்றிய இடங்களில் ஓரம் என்று ஒன்றே கிடையாது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அவரை வெளியே விடாதவர்களில் நானும் ஒருவன்.

பஸ் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் படியில் தொங்குகிற பையன்களைத்தான் பேசுவோம். பேச வேண்டியதுதான். 2012 டிசம்பரில் பெருங்குடி அருகே அப்படித் தொங்கிக்கொண்டு போன மாணவர்கள் நான்கு பேர் லாரி மோதி இறந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரித்தது. 2024 பிப்ரவரியில் அமைந்தகரை அருகே ஓடுகிற பஸ்ஸில் சீட்டுக்கு அடியிலிருந்த பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டைக்குள் இறங்கிவிட, கூட இருந்தவர்கள் கூச்சல் போட்டுப் பஸ்ஸை நிறுத்தினார்கள். இதெல்லாம் செய்தியாகும். மணிக்கட்டு முறிவு செய்தியாகாது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இந்த 32,825 பேரில் எத்தனை பேர் அந்த நிமிடம்தான் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்? இரண்டு காலும் தரையில் பட்டுவிட்டால் பஸ் பயணி பாதசாரியாகிவிடுகிறார். கணக்கு அவரை வேறு பக்கத்தில் எழுதிக்கொள்கிறது. ஒரு கால் மட்டும் பட்டிருந்தால் என்ன என்று அந்தப் படிவத்தில் கேள்வி இருக்காது என்றே நினைக்கிறேன்.

மனைவி சொன்ன இன்னொரு வாசல்

இப்படி நான் வாசல், படி, விசில் என்று வீட்டில் பேசிக்கொண்டே இருந்ததை ஒருநாள் என் மனைவி நிறுத்தினாள். "உங்களுக்கு இறங்கறப்பதான் பஸ்ஸே கண்ணுக்குத் தெரியுது. எங்களுக்கு ஏறினதுலேர்ந்து இருக்கு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

அவள் காலேஜ் படித்த காலத்தில், 2001 வாக்கில், பஸ்ஸில் பின்னால் நின்று உரசிக்கொண்டிருந்த ஒருவனை ஒரு பெண் கையும் களவுமாகப் பிடித்து, "பஸ்ஸ போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிக் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்களின் அட்டூழியத்தில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு தமிழ்நாட்டில் கொண்டுவந்த சட்டத்திலேயே இது இருக்கிறது: பெண் புகார் சொன்னால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போக வேண்டியது அதன் ஊழியர்களின் கடமை. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அந்த வழக்கும் தமிழ்நாட்டில் ஒரு பஸ் நிலையத்தில் நடந்த சம்பவத்திலிருந்து போனதுதான். ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸில் என்ன நடந்தது? "விடும்மா, ஆபீஸுக்கு லேட்டாவுது" என்று முதலில் சொன்னது கண்டக்டர் இல்லை. உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். அப்புறம் இன்னொருவர். அப்புறம் பல பேர். அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பெண்தான் இறங்கிப் போனாள். அவன் கடைசி ஸ்டாப் வரை வந்தான். "நான் என்ன பண்ணேன்னு நினைக்கறீங்க? எனக்கும் அன்னிக்கு இன்டர்னல் டெஸ்ட் இருந்துச்சு" என்றாள்.

2022இல் மாநகரப் பஸ்களில் கேமராவும் அவசரப் பொத்தானும் வைக்க ஆரம்பித்தார்கள். முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது என்றெல்லாம் பெயர் சொல்லியே விதிகளில் சேர்த்து, அப்படிச் செய்கிறவனை இறக்கிவிடக் கண்டக்டருக்கு அதிகாரமும் கொடுத்தார்கள். அதெல்லாம் நல்லதுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவள் இறங்குகிற இடத்தைக் கேமரா முடிவு செய்வதில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் லைட் எரியாது. அதனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே, மருந்துக்கடை திறந்திருக்கிற இடத்தில் இறங்கி நடந்து வருகிறாள். மூன்று வருஷமாக. எனக்கு இது தெரியாது. ஆபீஸ் முடிந்து நடந்து வந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருந்தாள், நம்பியிருந்தேன்.

ஆபீஸுக்கு லேட்டாவுது. அந்தச் சொல்லைத்தான் நான் ரொம்ப நாள் மென்றுகொண்டிருந்தேன். நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து சொன்னால் சட்டத்தையே ஓரம் கட்டிவிடுகிறது. ஒரே ஒருவன் பைக்கில் உட்கார்ந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டாலும் ஒரு மணிக்கட்டை முறிக்கப் போதுமாக இருக்கிறது. பிளேடு போடுகிறவர்களும் இந்த அவசரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்; ஏறுகிற வாசலில் எல்லோரும் முண்டியடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பர்ஸும் போனும் போகின்றன. வரிசையில் நின்று ஏறுகிற கூட்டத்தில் பிக்பாக்கெட்டுக்கு என்ன வேலை?

2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது அது. படியே இல்லாமல் நேராக உள்ளே போகலாம். நிறுத்தத்தில் வாசல் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தும் கொடுக்கும். அம்மாவை ஒருநாள் அதில் கூட்டிப் போனேன். ஏசி இல்லாவிட்டாலும் ஏரோப்ளேன் மாதிரி இருக்கிறது என்று சொன்னாள் (அவள் ஏரோப்ளேனில் போனதில்லை). ஆனால் இறங்கும்போது அந்தப் பஸ்ஸும் நடைபாதையிலிருந்து இரண்டு வண்டி அகலம் தள்ளித்தான் நின்றது. பஸ் குனிந்தது. சந்தில் மூன்று பைக் போயின. நாங்கள் காத்திருந்து இறங்கினோம்.

இப்போது அம்மா தனியாகவே போய் வருகிறாள். பிடி கொஞ்சம் குறைந்துவிட்டது. பாட்டில் மூடி திறக்க என்னைக் கூப்பிடுகிறாள். ஒயர் கூடையை விட்டுவிட்டுத் தோளில் மாட்டுகிற துணிப்பைக்கு மாறிவிட்டாள். கூடவே மழையோ வெயிலோ, மடக்காத நீளக் குடை ஒன்று. எதற்கு இந்தச் சுமை என்று கேட்டேன். "மொதல்ல குடைய எறக்குவேன். அது எறங்கினதும் நான் எறங்குவேன்" என்றாள். வாசலில் நின்று குடையைக் குறுக்கே நீட்டுவாளாம். வருகிறவன் பிரேக் போடுவானாம். திட்டினால்? "காது கேக்காத மாதிரி இருந்துப்பேன்."

போன வாரம் ஆபீஸ் போகும்போது முன்னால் ஒரு பஸ் நின்றது. ஓரத்திலிருந்து தள்ளித்தான். இடது பக்கம் சந்து நன்றாகவே இருந்தது. கை பழக்கத்தில் ஒடித்துவிட்டது; பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு நேராகப் போனதும் நிறுத்திக் காலை ஊன்றினேன். பின்னாலிருந்து ஹாரன். மறுபடி ஹாரன். அப்புறம் அந்த ஆள் எனக்கும் நடைபாதைக்கும் நடுவே வண்டியைச் செருகி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்வாசலைத் தாண்டிப் போனான். இரண்டு விசில் கேட்டது, பஸ் கிளம்பியது. அதிலிருந்து யாருமே இறங்கவில்லை.